கார்னெட் ரிஸ்ஸர் ஏப்ரலில்தான் நன்றி வாங்குவான்

கார்னெட் ரிஸ்ஸருக்கு அக்டோபரில் யாராவது நன்றி சொன்னால் பிடிக்காது. போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கையை நீட்டி நிறுத்திவிடுவான். "ஏப்ரல்ல சொல்லுங்க" என்பான். அவ்வளவுதான், லாரியில் ஏறிப் போய்விடுவான். என்னிடம் அப்படிச் செய்தபோது, இவனுக்கு எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். என் வாயைப் பற்றி இந்த லூனென்பர்க் கரையில் தெரியாதவர்கள் கிடையாது. நினைத்ததோடு நிற்கவில்லை, சொல்லியும் விட்டேன்.

வீட்டு வாசலிலிருந்து சாலை வரைக்கும் வண்டிப் பாதைக்குப் பேவர் கல் பதிப்பது அவன் தொழில். பதினேழு வயதில் சிப்பி வாரும் படகில் ஏறியவன், இருபத்திரண்டு வருஷம் கடலில் இருந்தான். ஒரு ஜனவரியில் வடம் சுற்றும் உருளையில் கை மாட்டி இடது கையில் இரண்டு விரல் போயிற்று. இனிமேல் கரையிலேயே ஏதாவது செய் என்று அவன் மனைவி தெல்மா சொல்லிவிட்டாள். கல் பதிக்கும் கம்பெனி ஒன்றில் நான்கு வருஷம் மண் வெட்டினான். பிறகு ஒரு பழைய லாரியும், தரையை இடித்து இறுக்கும் ஒரு திமிசு இயந்திரமும் வாங்கிச் சொந்தமாகத் தொடங்கினான். கல் அறுக்கும் ரம்பம் தெல்மாவின் பொறுப்பு. காதில் மஞ்சள் அடைப்பானை மாட்டிக்கொண்டால் புருஷன் கத்துவது கேட்காது, அதற்காகவே இந்த வேலைக்கு வந்தேன் என்பாள்.

"உன் வீட்டுக்காரனுக்கு ஏன் இந்த ஏப்ரல் பைத்தியம்?" என்று அவளிடம்தான் கேட்டேன்.

"அத ஏன் கேக்கறீங்க வெர்னா! சொந்தமா எடுத்த மொத வேலை. புருஷன எழந்த ஒரு அம்மா வீடு. அக்டோபர்ல முடிச்சான். அந்தம்மா கண்ணு கலங்கிப் போயி, வெல்லப்பாகு கேக் ஒண்ணு முழுசா செஞ்சு குடுத்துச்சு. லாரியிலயே உக்காந்து முழுசையும் தின்னுட்டான், எனக்கு ஒரு துண்டு வைக்கல. ஏப்ரல்ல அந்தப் பக்கம் போனா, கல்லெல்லாம் மேடும் பள்ளமுமா நிக்குது."

"ஏன், என்ன பண்ணித் தொலைச்சான்?"

"ஜல்லிய மொத்தமா ஒரே தடவையில கொட்டி, மேலாப்புல திமிசு போட்டிருக்கான். கீழே இறுகவே இல்ல. தண்ணி தங்கி, உறைஞ்சு, எல்லாத்தையும் தூக்கிடுச்சு. அந்தம்மா திட்டியிருந்தாக்கூடப் பொழச்சிருப்பான். 'பரவால்ல கார்னெட், விடு'ன்னு சொல்லிச்சாம். மொத்தத்தையும் பேத்துட்டு மறுபடி போட்டுக் குடுத்தான். அன்னைலேர்ந்து ஒரு குளிர்காலம் தாண்டாம யார் நன்றியும் வேணாம், யார் கேக்கும் வேணாம்."

கதை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவன் எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தான் என்று சொன்னால் என் மானம்தான் போகும். போகட்டும், சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் கணவர் ஆப்ரி நாற்பது வருஷம் படகுகளில் சமையல்காரராக இருந்தவர். நாலு வருஷத்துக்கு முன் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி காலையில் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வேன் வந்து அழைத்துப்போகும். எங்கள் வீடு சரிவில் மேலே இருக்கிறது. குளிர்காலத்தில் வேன் சரிவில் ஏறக்கூடாது என்று அவர்களுக்கு விதி, அதனால் கீழே தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும். வாசலிலிருந்து அங்கே வரைக்கும் ஆப்ரி நாலு சக்கர நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தானே நடக்கவேண்டும். என் இடுப்பு இருக்கிற லட்சணத்தில், அவர் விழுந்தால் நானும் சேர்ந்து விழுவேனே தவிரத் தாங்கிப் பிடிக்க முடியாது.

அப்போதுதான் அந்த மண் பாதையை எடுத்துவிட்டுப் பேவர் கல் போடுவது என்று முடிவு செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கல்லுக்கு அடியில் போடுவதற்கும் ஜல்லி வாங்கவேண்டுமாம். கடல் சும்மா தருவதை எவனாவது வாங்குவானா என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒவ்வொரு புயலுக்கும் கடல் எங்கள் சாலைமேல் கற்களை வாரி வீசிவிட்டுப் போகும். ஓரத்தில் குவிந்து கிடக்கும். இந்தப் பக்கத்தில் பூச்செடியைச் சுற்றி வைக்க, கொட்டகைக்கு அடியில் நிரப்ப, எல்லாவற்றுக்கும் அந்தக் கல்தான். ஒரு கோடைக்காலம் முழுக்கப் பக்கெட் பக்கெட்டாகத் தூக்கினேன். முட்டை மாதிரி வழவழவென்று அவ்வளவு அழகான கற்கள். அவற்றை அடியில் நிரப்பி, மேலே கரை மணலைப் பரப்பி, அண்ணன் மகனைக் கூப்பிட்டு அதன்மேல் பேவர் கல்லை அடுக்கச் சொன்னேன். அவன் தயங்கினான். உன் வயசு என் அனுபவம் என்று வாயை அடைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் பாதை பிரமாதமாக இருந்தது. வந்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள், நானும் தலையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் அது அலையடிக்கிற கடல் மாதிரி ஆகிவிட்டது. உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது, வண்டி ஏறினால் உருளும். பொடி மணல் தண்ணீரை விடாது. இதெல்லாம் பிற்பாடு கார்னெட் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தூக்கிக்கொண்டிருந்த ஒரு கல்லில் நடைவண்டியின் முன்சக்கரம் இடித்து ஆப்ரி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. வேன் ஓட்டும் டெல்ஃபீன் வந்து பார்க்கும்வரை சேற்றுப் பனியில் கிடந்திருக்கிறார். நான் அடுப்படியில் ரேடியோ கேட்டுக்கொண்டு முட்டை அடித்துக்கொண்டிருந்தேன். அவரைக் கீழே தள்ளியது பனி அல்ல, என் சாமர்த்தியம்.

ஆஸ்பத்திரி நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "வெர்னா, கோவப்படாம கேளுங்க. அடுத்த குளிர்காலத்துக்குள்ள அந்தப் பாதை சரியாகணும். இன்னொரு தடவ விழுந்தா அவரால எந்திரிக்க முடியாது. சரியாகலேன்னா டவுன்ல முதியோர் இல்லத்துல இடம் கேட்டு எழுதிடறேன். வேற வழி தெரியல எனக்கு."

கல்யாணமாகி ஐம்பத்தோரு வருஷம். அதில் பாதிக்கு மேல் அவர் கடலில் இருந்தார். இப்போதுதான் முழுசாக வீட்டில் இருக்கிறார், அதையும் நான் கெடுத்துவிட்டேன் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் வேனில் பேசாமல் வந்தேன். நான் பேசாமல் வந்ததைப் பார்த்து டெல்ஃபீன் பயந்துபோனாள்.

ஆகஸ்டில் கார்னெட் வந்து பார்த்தான். ஒரு பேவர் கல்லை நெம்பி எடுத்தான். அடியில் இருந்த என் கல் ஒன்றை மூன்று விரல் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"யாரு போட்டது?"

"நான்தான். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ."

"சிரிக்கல அம்மணி. எத்தன பக்கெட்டு இருக்கும்?"

"யாரு எண்ணினா? ஒரு கோடைகாலம் பூரா."

"நல்ல இடுப்பு உங்களுக்கு."

"இருந்துச்சு. இந்தக் கல்லோட அதுவும் போச்சு."

ஜன்னலிலிருந்து ஆப்ரி குரல் கொடுத்தார். "கார்னெட், அவகிட்ட வாயக் குடுக்காதே! அம்பத்தோரு வருஷத்துல நான் ஒரு தடவ ஜெயிச்சதில்ல."

"சரி கேப்டன்!" என்றான் கார்னெட். சமையல்காரரைக் கேப்டன் என்றதில் ஆப்ரிக்கு ஏக சந்தோஷம். அன்றிலிருந்து கார்னெட் வரும் நாளெல்லாம் தொப்பி போட்டுக்கொண்டுதான் ஜன்னலில் உட்கார்ந்தார்.

"இதெல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போய்க் கடல்லயே கொட்டிடு. இனிமே என் கண்ணுல படக்கூடாது" என்றேன்.

"கண்ணுல படாது" என்றான்.

செப்டம்பரில் வேலை தொடங்கியது. தோண்டினான், தோண்டினான், தோண்டிக்கொண்டே இருந்தான். முழங்காலுக்கு மேல் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "என்னய்யா, பாதை போடறியா, கெணறு வெட்டறியா?"

"பனி இதவிட ஆழமா எறங்கும் அம்மணி. அதத் தடுக்க நம்மால ஆகாது. ஆனா அடியில தண்ணி நிக்கலேன்னா, பனிக்குத் தூக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதில்ல?"

அடியில் முரட்டுத் துணி விரித்தான். அதன்மேல் மலையில் உடைத்த ஜல்லி, ஒவ்வொன்றும் கையைக் கிழிக்கிற மாதிரி கூர் கூராக. நாலு விரல் உயரத்துக்குக் கொட்டுவான், நனைப்பான், திமிசு போடுவான். மறுபடி நாலு விரல். ஐந்து தடவை. என் அலமாரியில் தட்டெல்லாம் ஆடியது, ஒரு தேநீர்க் கிண்ணம் தற்கொலை செய்துகொண்டது. ஆப்ரியோ அந்தச் சத்தத்தில் குழந்தை மாதிரித் தூங்கினார். படகு இன்ஜின் ஞாபகம் என்றார். டயாலிசிஸ் நாட்களில் அவருடன் நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். திரும்பி வருவதற்குள் கார்னெட்டும் தெல்மாவும் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் உருண்டைக் கற்கள் மட்டும் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போயிருந்தன. அப்பாடா என்று இருந்தது.

ஜல்லிமேல் ஒரு அங்குலம் கரகரப்பான மணல், அதன்மேல் கல். மீன்முள் மாதிரி கோணலாக, ஒன்றின் இடுப்பில் இன்னொன்று முட்டுகிற வரிசை. முப்பது வருஷம் மீன் ஆலையில் ஹெர்ரிங் மீனைக் கீறினவள் நான், அந்த வரிசையில் குறை கண்டுபிடிக்க ஆனமட்டும் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கடைசியாகக் கல் இடுக்கில் பெருக்கித் தள்ளும் மணல் ஒன்று உண்டு. நனைத்தால் இறுகிப்போகும். ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் கல்மேலேயே வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். எங்கள் கரையிலோ மூடுபனி இல்லாத நாளைத் தேடவேண்டும். கார்னெட் தினமும் காலையில் வந்து ஓர் உப்பு பிஸ்கட்டைக் கல்மேல் வைப்பான். ஒரு மணி நேரம் லாரியில் உட்கார்ந்திருப்பான். பிறகு வந்து பிஸ்கட்டை ஒடித்துப் பார்ப்பான். அது சத்தமில்லாமல் வளைந்தால் வீட்டுக்குப் போய்விடுவான். நான்கு நாள் இப்படியே போயிற்று.

"ஆறு பிஸ்கட்டு செலவாச்சே, எப்பய்யா முடிப்பே? நாளைக்குப் பனி கொட்டப் போவுது!"

"அதுல ரெண்டக் கடல்பறவை தின்னுடுச்சு, அது கணக்குல வராது அம்மணி" என்றான்.

ஐந்தாம் நாள் பிஸ்கட் 'டக்'கென்று ஒடிந்தது. மாலைக்குள் வேலை முடிந்தது. நான் மதியமே கேக் சுட்டு வைத்திருந்தேன். வெல்லப்பாகு கேக்தான். தட்டோடு போய் நின்று, "கார்னெட், நீ செஞ்சது சாதாரண உதவி இல்ல…" என்று தொடங்கினேன். உடனே கை நீண்டது.

"ஏப்ரல்ல சொல்லுங்க."

"கேக்கயாவது வாங்கிக்கோ."

"ஏப்ரல்ல."

"ஏன், என் கேக்குல விஷமா வச்சிருக்கேன்? ரொம்பத்தான் பிகு பண்ணிக்கறே!"

தெல்மா லாரி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அந்தப் பழைய கதையைச் சொன்னாள்.

முதல் பெருமழையன்று கார்னெட் மழைக்கு மீனவர்கள் போடும் எண்ணெய்த் துணிச் சட்டையோடு வந்து பாதை நடுவில் ஒரு மணி நேரம் நின்றான். எதையாவது தொலைத்துவிட்டானா என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் செய்து கேட்டார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தானாம். போகும்போது, "உப்பு போடாதீங்க, மணல் தூவுங்க. பனி தள்ற வண்டிக்காரன்கிட்ட, முன்னால இருக்கற இரும்புத் தகட்டுக்கு ரப்பர் மாட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னான்.

ஜனவரியில் அந்த நாள் வந்தது. இரண்டு நாள் பனி கொட்டிக் குவிந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க அதன்மேல் மழை. மாலையில் காற்று வடக்கே திரும்பி எல்லாம் இறுகிப்போயிற்று. புதன் காலை எழுந்து பார்த்தால் ஊரே கண்ணாடி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டுத் தண்ணீர் எல்லாம் வழக்கமாக எங்கள் பாதைக்குத்தான் வரும். போன வருஷம் இதே நாளில் இங்கே பனிச்சறுக்கு விளையாடியிருக்கலாம்.

ஆப்ரி தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "இன்னைக்கு வேணாமே, போன் பண்ணிச் சொல்லிடலாம்" என்றேன்.

"ரத்தத்த நீயே வடிகட்டப் போறியா? வழிய விடுடி."

நான் ஜன்னலில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசை. எங்கள் ஊரில் முந்தானை ஏது, கம்பளிக் கையுறையைக் கடித்துக்கொண்டிருந்தேன். பாதை மேலே மணல் தூவியிருந்தது, அங்கங்கே ஈரம், அவ்வளவுதான். ஓடைபோல வந்து உறைந்திருக்க வேண்டிய தண்ணீரைக் காணோம். ஒரு கல் தூக்கவில்லை. சக்கரம் கடகடவென்று ஒரே சீராகப் போயிற்று. பாதி தூரத்தில் ஆப்ரி நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால், மனுஷன் நடைவண்டியிலிருந்து ஒரு கையை எடுத்து எனக்கு டாட்டா காட்டுகிறார்!

"பிடிச்சுக்கோங்க!" என்று நான் கத்தியது எதிரே கடலில் இருக்கிற தீவுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

கீழே டெல்ஃபீன் இறங்கி நின்று, காலால் பாதையைத் தட்டிப் பார்த்தாள். "காலைலேர்ந்து அஞ்சு வீடு போனேன் வெர்னா. இங்கதான் கால் ஊனி நிக்கறேன்!" என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

நான் உடனே கார்னெட்டுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "ரொம்ப நல்லது அம்மணி. ஆனா இது ஜனவரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். இப்படி ஒரு பிறவி!

பிப்ரவரி போயிற்று, மார்ச்சும் போயிற்று. ஆப்ரி ஒரு டயாலிசிஸைக் கூடத் தவறவிடவில்லை, ஒரு தடவை கூடத் தடுக்கி விழவில்லை. மார்ச் கடைசியில் நர்ஸ் முதியோர் இல்லத்துக் காகிதத்தை என் கண்முன்னே கிழித்துப்போட்டாள். அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டேன். பாவம், பயந்தே போனாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கார்னெட்டும் தெல்மாவும் நீளமான மட்டப்பலகையோடு வந்தார்கள். மேலிருந்து கீழ்வரை ஒவ்வோர் எட்டுக்கும் பலகையை வைத்து, குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இறங்கினான். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கல் மட்டும் நகக்கண் அளவு இறங்கியிருந்தன. அவற்றை எடுத்து, மணல் தூவி, மறுபடி தட்டி உட்காரவைத்தான். அதுவரை நான் கேக் தட்டை ஏந்திக்கொண்டு காத்திருந்தேன். குளிர்காலம் முழுக்க மனசுக்குள் ஒரு பெரிய பேச்சே தயாரித்து வைத்திருந்தேன்.

"இப்பச் சொல்லலாமா, தொரைக்கு நேரம் வந்துச்சா?"

"ஒரு நிமிஷம் அம்மணி. ஒண்ணு காட்டணும்."

சாலையோரக் கால்வாய்க்கு என்னை அழைத்துப்போனான். புல்லுக்குள் ஒரு குழாய் வாய் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் கொடகொடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பனி உருகுகிற காலம், மேட்டுத் தண்ணீர் அத்தனையும் அதில் வந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் அந்தச் சத்தத்தைக் கால்வாயின் சத்தம் என்று நினைத்திருந்தேன். பிறகு பாதையின் மேல்பக்கத்து ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். மண்வெட்டியால் புல்லை ஒரு சதுரம் பெயர்த்தான். அடியில் துணி. துணியை விலக்கினான்.

என் கற்கள். முட்டை முட்டையாக, ஈரத்தில் பளபளவென்று. அவற்றின் இடுக்கில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"வீட்டுக்குப் பின்னாலேர்ந்து ரோடு வரைக்கும் ஒரு பள்ளம் வெட்டி, அடியில அந்தக் குழாயப் போட்டு, மேல இத நெரப்பினேன். நீங்க ஆஸ்பத்திரி போன நாள்ல" என்றான் கார்னெட். "பாதைக்கு அடியில ஒண்ண ஒண்ணு பிடிச்சு நிக்கற கல்லு வேணும். இங்க தண்ணிக்கு வழிவிடற கல்லு வேணும். இது மாதிரி உருண்டை, ஒரே அளவா, கழுவினாப்பல, நான் எங்க தேடியிருந்தாலும் கெடச்சிருக்காது. ஜனவரில அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சீங்க? என் ஜல்லி மட்டும் இருந்திருந்தா பனி நிச்சயமாத் தூக்கியிருக்கும்."

"கண்ணுல படக்கூடாதுன்னு சொன்னேனே" என்றேன்.

"படலையே."

"அக்டோபர்லயே சொல்லித் தொலைச்சா என்ன? குளிர்காலம் பூரா நான் எப்படி வெந்துபோனேன்னு தெரியுமா உனக்கு?"

"அக்டோபர்ல எனக்கென்ன தெரியும்? இதுவும் தாங்குதான்னு பாக்கணுமில்ல? உங்க வேலைக்கும் ஏப்ரல்தான் அம்மணி."

ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அப்படியே கரைந்து கண்ணால் இறங்கிற்று. தயாரித்து வைத்திருந்த பேச்சு ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. தெல்மா என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள், இல்லாவிட்டால் கேக் கால்வாயில் போயிருக்கும்.

பின்னால் கடகடவென்று சக்கரச் சத்தம் கேட்டது. ஆப்ரி தனியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். சனிக்கிழமை, வேன் கிடையாது, டயாலிசிஸ் கிடையாது. வெறுமனே வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். நாலு வருஷத்தில் அப்படி ஒரு நாளும் வந்ததில்லை.

"என்னடி, வாயடைச்சுப் போய் நிக்கறே? கார்னெட், பாதை போட்டதெல்லாம் சரி, இதான்யா நீ செஞ்ச பெரிய வேலை!"

"சும்மா இருங்க" என்றேன். பிறகு கார்னெட்டைப் பார்த்து, "நன்றிப்பா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவன் கையை நீட்டவில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

பிறகு தபால் பெட்டியில் சாய்ந்துகொண்டு மூன்று துண்டு கேக் சாப்பிட்டான். நாலாவதுக்குக் கை போனபோது தெல்மா தட்டிவிட்டு, அந்தத் துண்டைத் தான் எடுத்துக்கொண்டாள். எல்லாருக்கும் தேநீர் போடுகிறேன், மேலே வாருங்கள் என்று ஆப்ரி சொன்னார். நடைவண்டியைத் திருப்பிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு ஏறினார்.